ஹாஜியாரின் வெள்ளைத் துணி

"மகள், என்ட கபன் துணிய லாச்சில காணல்லயே. நீங்க எங்கயும் எடுத்து வச்சீங்களா?"

உள்ளறையிலிருந்து மாமனார் இத்ரூஸ் ஹாஜியாரின் குரல் வந்தபோது, மபாஸா ஒரு முயலுக்குக் காது தைத்துக்கொண்டிருந்தாள்.

தையல் மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றது. ஊசியில் தொங்கிய வெள்ளைக் காதைப் பார்த்தாள். மேசையில் கிடந்த மற்ற முயல்களைப் பார்த்தாள். எல்லாம் ஒரே வெள்ளை.

மாத்தளை கொங்காவெலயில் அவர்கள் வீட்டு முன்னறைதான் மபாஸாவின் தையலறை. பழசைக் கொடுத்தால் புதுசாக்கித் தருவாள். கிழிந்த சாரி குழந்தைக் கவுனாகும். இடுப்புப் பற்றாமல் போன காற்சட்டை பள்ளிக்கூடப் பையாகும். ஜன்னல் திரைச்சீலையில் அவள் தைத்த சல்வாரைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கல்யாண வீட்டுக்கே போய்வந்திருக்கிறாள். இப்போது நேசரிப் பிள்ளைகளின் விழாவுக்கு முயல் உடுப்பு. பழைய துணியில்தான் தைக்க வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கீழ் லாச்சில பழைய வெள்ள பெட்ஷீட் ஈக்கி, எடுத்துக்கங்க" என்று காலையில் மாமி கைறுன்னிஸாதான் சொன்னார். கீழ் லாச்சியைத் திறந்தபோது மேலாகவே நல்ல தடித்த வெள்ளைத் துணி இரண்டு துண்டு மடித்திருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று மபாஸா பார்க்கவில்லை.

"என்னாச்சு மபாஸா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் சந்திரகாந்தா. பின்வீட்டுக்காரி. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முயல் வால்களுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது பெட்ஷீட் இல்ல. மாமாட கபன்."

"கபன்னா?"

"மௌத்தானா உடம்புல சுத்துற துணி."

"எங்க பக்கம் கோடித்துணின்னு போடுவாங்களே, அது மாதிரியா?" சந்திரகாந்தா கையிலிருந்த வாலைக் கீழே போட்டாள். "ஐயோ, அதுக்கா காது வச்சிருக்கோம்!"

ஹாஜியார் ஹஜ்ஜில் உடம்பில் சுற்றியிருந்த துணிகள் அவை. அவற்றை மக்காவின் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்ததாகவும், தன்னை அவற்றில்தான் அடக்க வேண்டும் என்றும் அவர் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தேநீர் வரும், அடுத்து அந்தக் கதை வரும். துணியை மட்டும் யாருக்கும் தொடக் கொடுக்கமாட்டார். அவருடைய அலுமாரியில் கறையான் கண்டதால் போன கிழமை அவராகவே அதை லாச்சிக்கு மாற்றியிருக்கிறார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

"மகள்!" மறுபடியும் குரல்.

மபாஸா முயல்களை மேசைக்கடியில் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"கழுவப் போட்டேன் மாமா."

"கழுவவா?"

"புளுங்கின வாட வந்திச்சு. அதான் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு..."

"சவர்க்காரமா!" ஹாஜியார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கை நெஞ்சுக்குப் போனது. "ஸம்ஸம் தண்ணிய சவர்க்காரம் போட்டுக் கழுவின முதல் ஆள் இந்தத் துன்யாவுலயே நீங்கதான் மகள்."

"தெரியாம நடந்திட்டு மாமா."

"பின்னேரம் அஸர் நேரத்துக்கு நம்மட தெரு ஷிஃபான் வாரான். மக்காவுக்கு உம்ரா போறானே, அவன்ட கையில குடுத்து இன்னொருக்கா ஸம்ஸம்ல நனச்சு எடுப்பமென்டுதான் தேடின." ஹாஜியார் ஜன்னல் வழியே கொடியைப் பார்த்தார். அதில் அவருடைய சாரங்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. "எங்க காயப் போட்ட?"

"சந்திரா அக்கா வீட்டுல. அங்கதான் நல்ல வெயில்."

"காஞ்சாலும் காயாட்டியும் அஸருக்கு முந்தி என்ட கைக்கு வரணும்." சொல்லிவிட்டு அவர் படுத்துக்கொண்டார். முகம் உண்மையிலேயே சரியாக இல்லை.

முன்னறையில் சந்திரகாந்தா ஒரு முயலை விரித்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"பிரிச்சு ஒண்ணாச் சேர்த்துத் தச்சிடலாமா?"

"அதுல தையலே இருக்கக் கூடாது அக்கா. தைக்காத துணிதான் கபன்."

சந்திரகாந்தா கழுத்து, கை, கால், காது, வால் என்று முயலைச் சுற்றிப் பார்த்தாள். அதை மடித்து வைத்தாள்.

"புதுசு வாங்கி வந்து வச்சிடறேன்" என்றாள் மபாஸா. "மாமாவுக்கு இப்ப கண் அவ்வளவு தெளிவில்ல. அல்லாஹ் மன்னிக்கட்டும்."

பஜாரில் பதுர்தீன் முதலாளியின் புடவைக் கடைக்குத்தான் போனாள். பதுர்தீன் ஹாஜியாரின் சின்ன வயதுக் கூட்டாளி. பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தார். மபாஸா கடைக்குள் நுழையும்போதே மூச்சு வாங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"முதலாளி, வெள்ளத் துணி வேணும். தடிச்சது, ரெண்டு துண்டு." குரலைத் தாழ்த்தினாள். "மாமாட கபனுக்கு."

பதுர்தீனின் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது.

"இன்னா லில்லாஹி!"

மௌத்துக்கு மட்டுமல்ல, ஒரு பொருள் தொலைந்தாலும் சொல்கிற வார்த்தைதானே. சொல்லாமலே நடந்ததை விளங்கிக்கொண்டாரே என்று மபாஸாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"எப்ப மகள்?"

"காலையில. எனக்கே இப்பதான் தெரியும்."

"எப்படி நடந்த?"

"என்ட கவனக்குறைவுதான் முதலாளி. நான் ஒழுங்காப் பார்த்திருந்தா நடந்திருக்காது."

"அப்படிச் செல்லாதீங்க. நேரம் வந்தா யாரால தடுக்க ஏலும்?" பதுர்தீன் கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "கைறுன்னிஸா எப்படி ஈக்கிறா?"

"மாமிக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. கிச்சன்ல வேலையா ஈக்கிறா."

பதுர்தீன் திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். "மாப்புள நப்லானுக்கு?"

"அவருக்கும் தெரியாது. யட்டவத்தக் கடையில ஈக்கிறார். யாருக்கும் தெரியாம அஸருக்கு முந்தி முடிச்சிடணும் முதலாளி."

"அஸருக்கு முந்தியா?" பதுர்தீன் யோசித்தார். "அதுவும் சரிதான். பிந்தக் கூடாது. ஆனா இதெல்லாம் மறைக்கிற விஷயமா மகள்? நீங்க வீட்டுக்குப் போங்க. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

மாமாவிடம் தனக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தாள் மபாஸா. அந்த நேரத்தில் அவர் வானத்திலிருந்து இறங்கிய ஒரு மலக்கு மாதிரியே தெரிந்தார்.

பதுர்தீன் ஏணி வைத்து மேல் தட்டில் ஏறினார். எதையும் அளக்கவில்லை, விரித்துக் காட்டவில்லை. மடித்திருந்த இரண்டு துண்டை நேராக எடுத்து வந்து கொடுத்தார். "இத்ரூஸுக்கு எந்த மாதிரி வேணுமென்டு எனக்குத் தெரியும்" என்றார். காசை நீட்டியபோது கையைத் தள்ளிவிட்டார்.

நேராகச் சந்திரகாந்தாவின் வீட்டுக்குப் போய்த் துணியைப் பிரித்தபோது மபாஸாவால் நம்பவே முடியவில்லை. அதே தடிப்பு, அதே நெசவு, அதே கரை.

"அச்சு அசல் அதேதான்" என்றாள் சந்திரகாந்தா. "ஆனா புத்தம் புதுசா பளிச்சின்னு இருக்கே. ஹாஜியார் ஒரு பார்வையிலயே புடிச்சிருவாரு."

"என்ன செய்யலாம்?"

"தேயிலைச் சாயத்துல முக்கி எடுத்தா பழசாயிரும். எனக்கு விட்டுடு."

தோட்டத்தில் பிறந்தவள் போட்ட சாயம். முக்கிய துணி வெளியே வந்தபோது கருப்பட்டி வட்டலாப்ப நிறத்தில் இருந்தது.

"அக்கா!"

"பொறு, பொறு. நீலம் போட்டா வெளுத்துரும்."

நீலத்தை இரண்டு சொட்டு விட வேண்டிய இடத்தில் சந்திரகாந்தாவின் கை தவறிப் போத்தல் கவிழ்ந்தது. தேயிலையும் நீலமும் சேர்ந்ததும் துணி பாசி பிடித்த கிணற்றுச் சுவரின் நிறத்துக்கு வந்தது. அலசினார்கள். பிழிந்தார்கள். மறுபடி அலசினார்கள். பச்சை போகவில்லை. இடையிடையே வட்டலாப்பம் மட்டும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"வாசமாவது சரியா இருக்கட்டும்" என்று மபாஸா கைப்பையிலிருந்து அத்தர் போத்தலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஜனாஸா அறிவித்தல். கொங்காவெலயைச் சேர்ந்த அல்ஹாஜ் இத்ரூஸ் அவர்கள் இன்று காலை வஃபாத்தானார்கள். அன்னாரின் ஜனாஸா அஸர் தொழுகையின் பின்..."

மபாஸா அத்தர் போத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் சாய்ந்தாள்.

"மாமா மௌத்தாயிட்டாரு அக்கா."

"என்னாடி சொல்ற! காலையிலயா? கொஞ்சம் முன்னாடிதானே பேசினாரு!"

"நான் சவர்க்காரம் போட்டேன்னு செல்லும்போதே நெஞ்சில கைய வச்சாரு. என்ட பொய்யாலதான்! நான்தான் கொன்டுட்டேன்!" மபாஸா துணியை அள்ளிக்கொண்டாள். "கட்டிலப் பார்க்கக்கூட நான் திரும்பிப் போகல்ல. அந்த மனுஷனைச் சுத்துறதுக்கு இப்ப ஒரு துணி கூட இல்ல. அத முயலாக்கிட்டேன்!"

ஈரத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினாள். வழியெல்லாம் பச்சைத் தண்ணீர் சொட்டியது.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தொப்பி போட்ட ஆண்கள் கேற்றடியில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனாஸா சுமக்கும் சந்தூக்கை நான்கு பேர் லொறியிலிருந்து இறக்கினார்கள். பதுர்தீன் முன்னால் நின்று கையைக் காட்டி எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடிக்கொரு தரம் கைலேஞ்சி கண்ணுக்குப் போனது.

உள்ளே கைறுன்னிஸாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இத்தாவுல ஈக்கோணும், வெளிய எட்டிப் பார்க்க வேணாம்" என்று விதவைக்குச் சொல்வதைச் சொல்லி ஒருத்தி அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"என்ன இத்தா? யாருக்கு இத்தா? அடுப்புல கறி கருகுது, கைய விடுங்க!" என்று கைறுன்னிஸா கத்திக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் பேதலித்துவிட்டார் என்று பெண்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

அந்த நேரம் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. நப்லான் இறங்கினான். ஒரு கையில் ஃபோன். வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவித்தல் அதில் இன்னும் திறந்தே இருந்தது. யட்டவத்தையிலிருந்து வரும்வரை அழுதிருக்க வேண்டும், கண் இரண்டும் வீங்கியிருந்தன. எதிரில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாசற்படியில் நின்றிருந்தவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினான்.

"வாப்பா போயிட்டாரே! கடசியா ஒரு வார்த்த பேசக்கூடக் கிடைக்கல்லயே!"

"பேசு. என்ன பேசணும்?" என்றார் கட்டிப்பிடிக்கப்பட்டவர். "கடைய யார் பார்க்கிற?"

நப்லான் நிமிர்ந்தான். பனியனும் சாரமுமாகத் தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தார் இத்ரூஸ் ஹாஜியார்.

சந்தூக்கைத் தூக்கிய நான்கு பேரில் இருவர் கையை விட்டார்கள். அது கதிரை அடுக்கின் மேல் சாய்ந்தது. கதிரைகள் வரிசையாகச் சரிந்தன. யாரோ உரக்கக் கலிமாச் சொன்னார்கள். பதுர்தீன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வேலியைத் தாண்டிச் சுற்றி வந்த மபாஸா கேற்றடியிலேயே நின்றுவிட்டாள்.

"நான் என்ன மௌத்தா?" ஹாஜியார் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "தூங்கினவன எழுப்பிக் கேட்கக்கூட ஒருத்தரும் இல்லயா? சந்தூக்கு வந்திட்டு! யார் செஞ்ச வேல இது?"

"உங்க மருமகள்தான்..." என்று தொடங்கினார் பதுர்தீன். "கடைக்கு வந்து அழுதுகிட்டே செல்லிச்சு, மாமாட கபனுக்குத் துணி வேணுமென்டு. நான் என்னத்த நினைக்கிற? எப்ப நடந்தண்டு கேட்டேன். காலையிலண்டு செல்லிச்சு!"

எல்லோருடைய கண்ணும் மபாஸாவின் மேல் விழுந்தது. அவள் கையிலிருந்த துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் பச்சைக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"அது என்ன?" என்றார் ஹாஜியார்.

இனி எந்தப் பொய்யும் மிச்சமில்லை.

"கழுவல்ல மாமா" என்றாள் மபாஸா. "வெட்டிட்டேன். பழைய பெட்ஷீட்டென்டு நினைச்சு உங்கட கபன வெட்டித் தச்சிட்டேன். இது அதுக்குப் பதிலா வாங்கின."



"தச்சிட்டியா?" நப்லானின் குரல் கீச்சென்று வந்தது. "என்னத்த தச்ச?"

மபாஸாவுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அவளைக் காப்பாற்ற நினைத்துச் சந்திரகாந்தாதான் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மேசைக்கடியில் கிடந்ததை எடுத்து வந்தாள்.

"ஹாஜியார், கோவிச்சுக்காதீங்க. துணி ஒண்ணும் வீணாப் போகலீங்க. எவ்வளவு அழகா வந்திருக்குன்னு ஒரு தடவ பாருங்க."

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். நீண்ட இரண்டு காது. உள்ளே இளஞ்சிவப்புத் துணி ஒட்டு. பின்னால் உருண்டையாக ஒரு வால்.

பள்ளிவாசல் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பெண்கள் பக்கமிருந்து கைறுன்னிஸாவின் குரல் "யா அல்லாஹ்" என்று ஒரு முறை எழுந்து அடங்கியது.

ஹாஜியார் அந்த வாலை நெடுநேரம் பார்த்தார்.

"மறுமை நாள்ல மஹ்ஷருடைய மைதானத்துல நான் இப்படியா எழும்புற? காதோடயா?"

"மாமா, நான்..."

"பேச வேணாம்!" அவர் சத்தத்தில் கேற்றில் உட்கார்ந்திருந்த காகம் பறந்தது. "நப்லான், இந்த மெஷின இப்பவே தூக்கி வெளிய வை. இனி இந்த வீட்டுல கத்திரிக்கோல் சத்தம் கேட்கக் கூடாது. இன்டைக்கு என்ட கபன வெட்டினவ நாளைக்கு என்ட தாடிய வெட்டித் தலகாணிக்கு அடைப்பா!"

"வாப்பா, அவ வேணுமென்டு செய்யல்ல. நேசரிப் புள்ளைகளுக்கு நாளண்டைக்கு விழா..."

"தூக்கி வை என்டு செல்றேன்!"

நப்லான் மனைவியைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். மெல்ல உள்ளே போய் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். ஊசியில் பாதி தைத்த காது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மபாஸா வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். இந்த மெஷினைத் தவிர அவளுக்கென்று அந்த வீட்டில் வேறொன்றும் இருந்ததில்லை. அழுகை சத்தமில்லாமல் வந்தது. சந்திரகாந்தா முயலை இறக்கிப் பிடித்துக்கொண்டு அவளருகே போய் நின்றாள்.

ஹாஜியார் இப்போது கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே செல்லுங்க. கஃபாவைச் சுத்தி வந்த துணி அது. அரபாவுல என்ட கண்ணீர் விழுந்த துணி. ஸம்ஸம்ல நனச்சு, நெஞ்சோட அணைச்சுக் கொண்டு வந்த துணி. கோடி குடுத்தாலும் அதுக்கு மாத்துத் துணி இந்த உலகத்துல எங்க கிடைக்கும்? யாராவது செல்லுங்க பார்ப்பம், எங்க கிடைக்கும்?"

மபாஸாவின் விசும்பல் மட்டும் கேட்டது. பதுர்தீன் முதலாளி அவளைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்ட கடையில, மேல் தட்டுல இன்னும் ஈக்கி இத்ரூஸ்" என்றார். "மக்காத் துணிய ஜித்தா எயார்போட்ல மறந்துட்டு வந்தேண்டு, ஊருக்கு வந்த அன்டே கதவச் சாத்தச் சொல்லி நீ எடுத்துட்டுப் போன அதே கட்டுலதான்."